ஈ.சி.எச்.எஸ். சிகிச்சையில் பார்வை போனது: வழக்குப் போட முடியுமா?

கேள்வி: என் அப்பா 1998-இல் ஹவில்தாராக ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வேலூர் பக்கம் எங்கள் ஊர். 14 மாதங்களுக்கு முன் ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கி, ஒரு தனியார் மருத்துவமனையில் கண்புரை ஆபரேஷன் செய்தோம். மூன்றாம் நாள் கண் சிவந்து கடுமையாக வலித்தது. சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரே வாரத்தில் அந்தக் கண்ணில் பார்வை போய்விட்டது. கேட்டால், "இலவசமாகத்தானே செய்தோம்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த "இலவசம்" என்ற பேச்சை ஒதுக்கிவிடுங்கள். 2003-இல் தொடங்கிய ஈ.சி.எச்.எஸ்., உறுப்பினர்கள் சந்தா கட்டிச் சேரும் பங்களிப்புத் திட்டம். 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குச் சந்தாவில் விலக்கு உண்டு. உங்கள் அப்பா பணம் கட்டித்தான் சேர்ந்திருப்பார். கட்டாதவராக இருந்தாலும் கவலையில்லை. அவருக்காக மருத்துவமனைக்கு அரசு பணம் கொடுக்கிறது. நோயாளிக்காக வேறொருவர் கட்டணம் செலுத்தினாலும் அவர் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது.

இனி, கசப்பான பகுதி. ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்குள் கிருமித் தொற்று வருவது எவ்வளவு கவனமாக இருந்தாலும் அரிதாக நடக்கக்கூடியதே. தொற்று வந்தது என்பதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. உங்கள் வழக்கின் உயிர் அந்த மூன்றாம் நாளில் இருக்கிறது. புரை எடுத்த கண்ணில் வலியும் சிவப்பும் சேர்ந்து வந்தால் அதை அவசரமாகப் பார்க்க வேண்டும் என்பது கண் மருத்துவர்களுக்குப் பாலபாடம். அன்று யார் பார்த்தார், பார்வையைச் சோதித்தாரா, என்ன எழுதினார்? அந்த ஓ.பி. சீட்டு கையில் இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். அதே நாளில் அங்கே ஆபரேஷன் செய்துகொண்ட வேறு யாருக்காவது இப்படி ஆனதா என்றும் விசாரியுங்கள். ஆகியிருந்தால் கருவிகளைச் சுத்தம் செய்ததிலேயே சந்தேகம் எழும்.

அப்புறம், முழு கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு, ஒப்புதல் படிவம் ஆகியவற்றின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பாலிகிளினிக்கில் உள்ள ரெஃபரல், பில் விவரங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பிறகு வேறொரு கண் மருத்துவரிடம் எல்லாவற்றையும் காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள். சக மருத்துவருக்கு எதிராக எழுதப் பலர் தயங்குவார்கள். இரண்டு மூன்று இடம் அலைய வேண்டிவரும்.

நிபுணர் கருத்து இல்லாமலும் சில வழக்குகள் வென்றதுண்டு. 2002-இல், பாகிஸ்தான் எல்லையில் ராணுவம் குவிக்கப்பட்ட 'ஆபரேஷன் பராக்ரம்' நடவடிக்கையின் சமயத்தில் ஜம்மு பகுதி ராணுவ மருத்துவமனையில் ஏற்றிய ரத்தத்தால் ஒரு விமானப்படை வீரருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. 2014-இல்தான் அது தெரியவந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் அவருடைய மனுவைத் தள்ளியது. உச்ச நீதிமன்றமோ 2023 செப்டம்பரில், நடந்ததே கவனக்குறைவைக் காட்டுகிறது என்று சொல்லி, 1.54 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆனால் உங்கள் வழக்கு அவ்வளவு வெளிப்படையானதல்ல. அதை நம்பி மருத்துவர் கருத்து வாங்காமல் இருந்துவிடாதீர்கள்.

யார் மீது வழக்கு? மருத்துவமனை, ஆபரேஷன் செய்தவர், மூன்றாம் நாள் பார்த்தவர். பாலிகிளினிக் தாமதம் செய்யவில்லையென்றால் அதை முக்கிய எதிரியாக்குவதில் பயனில்லை என்பது என் கருத்து. நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். சிகிச்சைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே இல்லை. கெடு 2 ஆண்டுகள். அதில் 14 மாதம் போய்விட்டது. மருத்துவக் கவுன்சிலிலும் புகார் தரலாம், ஆனால் அங்கே டாக்டர் மீது நடவடிக்கைதான் வரும், இழப்பீடு வராது. போலீஸ் புகாரை நான் பரிந்துரைக்க மாட்டேன்: குற்ற வழக்குக்கு மிக மோசமான கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும்.

வக்கீல் செலவு கவலையாக இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழையுங்கள். அப்பாவின் மற்றக் கண்ணிலும் புரை இருந்தால் வழக்கு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஈ.சி.எச்.எஸ். பட்டியலில் உள்ள வேறு மருத்துவமனைக்கு ரெஃபரல் கேட்டு வாங்குங்கள். எங்கே போவது என்பது அவர் விருப்பம்.