இரண்டு அளவுகளும் சேர்ந்து கூடினாலே நேர் மாறலா?

இல்லை. ‘ஒன்று கூடினால் மற்றதும் கூடும்’ என்று மனப்பாடம் செய்வதால் வரும் குழப்பம் இது. சேர்ந்து கூடுவது போதாது, ஒரே மடங்கில் மாற வேண்டும். ஓர் அளவை எக்ஸ், மற்றதை ஒய் என்று வைத்தால், எக்ஸ் இரண்டு மடங்கானால் ஒய்யும் சரியாக இரண்டு மடங்காக வேண்டும்.

செல்சியஸையும் ஃபாரன்ஹீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். 10 டிகிரி செல்சியஸ் என்பது 50 ஃபாரன்ஹீட்; 20 என்பது 68. இரண்டும் கூடுகின்றன, வரைபடமும் நேர்க்கோடுதான். ஆனால் 10 இரட்டிப்பானபோது 50 நூறாகவில்லையே! கோடு ஆதிப்புள்ளி (இரண்டு அளவுகளும் பூஜ்யமாகும் இடம்) வழியாகப் போகாமல் 32-இல் தொடங்குகிறது. ஆகவே இது நேர் மாறல் இல்லை.

சோதிக்க எளிய வழி, வகுத்துப் பார்ப்பதுதான். எக்ஸ் 3, 5, 8 ஆகும்போது ஒய் 12, 20, 32 என்றால், ஒய்யை எக்ஸால் வகுக்க எப்போதும் 4 வரும். அதுதான் விகிதசம மாறிலி, அதாவது கே. சமன்பாடு: ஒய் = 4 × எக்ஸ். அப்புறம் எக்ஸ் 11 என்றால் ஒய் 44 என்று உடனே சொல்லிவிடலாம்.

இன்னொன்று: கே குறை எண்ணாகவும் இருக்கலாம். ஒய் = −2 × எக்ஸ் என்பதில் எக்ஸ் கூடக்கூட ஒய் குறையும். ஆனாலும் அது நேர் மாறல்தான், எதிர் மாறல் அல்ல. எதிர் மாறலில் மாறாதது இரண்டின் பெருக்கற்பலன்.