பாதிக் கட்டணத்துக்காக ஞானஸ்நானம் எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, நான் கிளிநொச்சி முரசுமோட்டையில் இருக்கிறேன், வயது 20. ஏ.எல். வர்த்தகப் பிரிவில் மூன்று பாடத்துக்கும் ஏ. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவத்துக்கு இடம் கிடைக்கும் போல இருக்கிறது. எனக்கு முதலீட்டு வங்கி, பங்கு ஆய்வு மாதிரி வேலைக்குப் போகத்தான் ஆசை. கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் மாமா, அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் உள்ள பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்குப் போகச் சொல்கிறார். மோர்மன் சபை நடத்துவதாம், கட்டணம் குறைவாம். வருடம் 10,000 கனேடிய டொலர் தான் தருவாராம். ஆனால் சபையில் இல்லாதவர்களுக்குக் கட்டணம் இரட்டிப்பு. அம்மா, "பேருக்குச் சேர்ந்திட்டுப் போ, படிப்பு முடிய வந்து வற்றாப்பளை அம்மனிட்ட மன்னிப்புக் கேட்பம்" என்கிறா. அப்பா 3 ஏக்கர் வயலை விற்கலாம் என்கிறார், 75 இலட்சத்துக்கு ஆள் இருக்கிறது. எனக்குப் பிறகு தம்பி ஒருவன் படிக்கிறான். நாங்கள் சைவம். வெளியாளாகப் போய்ப் படித்தால் வேலை எடுப்பதில் பாதிப்பு வருமா?

பதில்: தங்கச்சி, அம்மாவின் யோசனையிலிருந்தே தொடங்குகிறேன். இதை வாசிக்கும் சிலர் சிரிப்பார்கள். ஆனால் உங்கள் வீட்டில் கணக்கைச் சரியாகப் போட்டவர் அவர்தான்.

2024-25இல் அந்தப் பல்கலைக்கழகத்தில் சபை உறுப்பினருக்கு ஒரு செமஸ்டர் கட்டணம் சுமார் 3,350 அமெரிக்க டொலர். மற்றவருக்கு அதன் இரட்டிப்பு, வருடத்துக்கு ஏறத்தாழ 13,400 டொலர். அவர்கள் சொல்லும் நியாயம் இதுதான்: மோர்மன் சபை (முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை), உறுப்பினர்கள் வருமானத்தில் பத்திலொன்றாகக் கொடுக்கும் தசமபாகத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தைத் தாங்குகிறது, ஏற்கெனவே வீட்டிலிருந்து கொடுத்தவர்களின் பிள்ளைக்குச் சலுகை. அமெரிக்காவில் பல தனியார் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் மட்டும் வருடம் 60,000 டொலரைத் தாண்டுகிறது. ஆகவே இரட்டிப்புக் கட்டணமும் மலிவுதான். மாமா பொய் சொல்லவில்லை.

இப்போது அம்மாவின் கணக்கு. வருடத்தில் மிச்சமாவது 6,700 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 20 இலட்சம், நான்கு வருடத்தில் 80 இலட்சம். வயலின் விலையை விடக் கூட. "பேருக்குச் சேர்" என்று ஒரு தாய் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

ஆனாலும் செய்யாதீர்கள். சாமி கோபிக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை, அது என் துறை அல்ல. பல்கலைக்கழகத்தின் விதியை வாசித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அங்கே படிக்கும் ஒவ்வொரு மாணவரும் வருடாவருடம் ஒரு மதப் பெரியவரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒழுக்க விதிகளைக் கடைப்பிடிக்கிறார் என்ற சான்று அது. சபையில் இல்லாதவர் தன் சொந்த மதத் தலைவரிடமோ, தான் குடியிருக்கும் பகுதியின் மோர்மன் ஆயரிடமோ, பல்கலைக்கழகத்தில் அதற்கென்று இருக்கும் குருவிடமோ அதை எடுக்கலாம். சைவராகச் சேர்ந்து, சைவராகவே நான்கு வருடம் இருந்து, சைவராகவே பட்டம் வாங்கலாம், தடையில்லை. ஆனால் சபையில் சேர்ந்துவிட்டுப் பிறகு விலகுகிறவருக்கு, விதிப்படி, அந்த ஒப்புதல் கிடையாது. ஒப்புதல் இல்லையென்றால் படிப்பு இல்லை. படிப்பு நின்றால் மாணவர் விசாவும் நிற்கும். அதாவது ஒருநாளும் சேராதவரை விட, சேர்ந்து விலகினவருக்குத்தான் ஆபத்து அதிகம். வன்னியில் நுண்கடன் எடுத்து அனுபவப்பட்ட அக்காமாருக்கு இது உடனே விளங்கும்: வட்டி பாதி என்று காட்டி, ஒரு தவணை பிந்தினால் முதலை முழுதாகக் கேட்கிற கடன் இது.

பேருக்குச் சேர்வதும் நடவாத காரியம். ஞானஸ்நானத்துக்கு முன் பாடமும் நேர்காணலும் உண்டு, பிறகு ஞாயிறு தவறாமல் ஆராதனை, வருமானத்தில் பத்திலொன்று தசமபாகம் என்ற போதனை, வருடாவருடம் உங்களைத் தெரிந்த ஆயரின் முன் உட்கார்ந்து ஒப்புதல். நம்பிக்கை வந்து சேர்ந்தால் இதெல்லாம் சுமையாகத் தெரியாது. நடித்தால் 19 வயதுப் பிள்ளைகள் நடுவில் நான்கு வருடம் நடிக்க வேண்டும்.

மதம் மாறாமல் மதக்காரரின் பள்ளியில் படிப்பது நமக்கு ஒன்றும் புதிதல்ல. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்கும் உதவியவர். சைவராகவே இருந்து, 1848இல் வெளியே வந்து வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார். அங்கே வேலையும் செய்தார், மதம் மட்டும் மாறவில்லை.

சரி, சைவராகவே போகிறீர்கள் என்று வைப்போம். அந்த வாழ்க்கைக்கும் ஒரு விலை உண்டு. மதுவும் சிகரெட்டும் இல்லை என்பது உங்களுக்குப் பிரச்சினையாக இராது. கோப்பியும் இல்லை, தேநீரும் இல்லை! மூலிகைத் தேநீர் பரவாயில்லை, நம்முடைய தேயிலைப் பிளேன்ரீ கூடாது. பரீட்சை நாள் விடியற்காலை நான்கு மணிக்குப் பிளேன்ரீ இல்லாமல் புத்தகம் விரிக்க முடியுமா என்று இப்போதே ஒரு கிழமை பழகிப் பாருங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. திருமணமாகாத ஆணும் பெண்ணும் தனித்தனி விடுதியில் இருக்க வேண்டும், உடைக்கு விதி, ஆண்களுக்குத் தாடிக்கும் விதி. இதெல்லாம் வன்னியில் வளர்ந்த பெண்ணுக்கு நியூயோர்க்கை விடப் பழகின சூழலாகவும் இருக்கலாம்.

காசாகப் பார்க்க வேண்டியது மதப் பாடங்கள். பட்டத்துக்குத் தேவையான 120 அலகுகளில் 14 மதப் பாடத்துக்குப் போகும், மோர்மன் நூல் உட்பட. உங்களுக்கும் விலக்கு இல்லை. நான்கு வருடக் கட்டணத்தில் அந்தப் பங்கு 6,000 டொலருக்கு மேல், நம் காசில் 18 இலட்சம். அதோடு, போனவுடன் நிதியியல் கிடைத்துவிடாது. முன்பாடங்களை முடித்து, அங்குள்ள மாரியட் வணிகப் பள்ளியில் நிதியியலுக்கென்று தனியாக விண்ணப்பித்து எடுபட வேண்டும்.

வேலைக்கு வருவோம். மதம் காரணமாக உங்களை வேலையில் ஒதுக்குவதை அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. நடைமுறையிலும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் நிதித்துறையில் நல்ல பெயர்தான், அதன் கணக்கீட்டுப் பிரிவு இன்னும் ஒரு படி மேல். பக்கத்து நகரமான சால்ட் லேக் சிட்டியில் கோல்ட்மன் சாக்ஸின் பெரிய அலுவலகம் இருக்கிறது. வெளியாளாக நீங்கள் இழப்பது வேறு. உங்கள் வகுப்புப் பையன்களில் பெரும்பாலோர் இரண்டு வருடமும், பெண்களில் பலர் 18 மாதமும் சபைக்காக வேறு ஊருக்கோ நாட்டுக்கோ ஊழியம் செய்யப் போய் வந்தவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் ஒருவருக்கு ஒருவர் வேலைக்குக் கதவு திறப்பார்கள். நீங்கள் அந்தக் கதவைத் தட்டித்தான் திறக்க வேண்டும், அதற்குக் கூச்சமில்லாத ஆங்கிலம் வேண்டும்.

மதத்தை விடப் பெரிய தடை விசா. படித்து முடிந்தபின் 12 மாதம் வேலை செய்யலாம், விஞ்ஞான, கணிதப் பிரிவில் சேர்க்கப்பட்ட படிப்பு என்றால் இன்னும் 24 மாதம். நிதியியல் எல்லா இடத்திலும் அதில் அடங்காது. அதற்குப் பிறகு வேலை விசா வருடத்துக்கு 85,000 என்ற கட்டுக்குள் வர வேண்டும், விண்ணப்பிப்பவர்கள் அதைவிட அதிகம். "என்ன மதம்" என்று கேட்கும் முன் "விசா அனுசரணை வேண்டுமா" என்றுதான் நிறுவனங்கள் கேட்கும், ஆம் என்றால் பல நிறுவனங்களில் கதை அங்கேயே முடியும்.

இனி முழுச் செலவு. கட்டணம் 13,400. தங்குமிடம், சாப்பாடு, மருத்துவக் காப்புறுதி, புத்தகம், விமானம் எல்லாவற்றுக்கும் நான் வைக்கும் மதிப்பு 15,600. ஆக வருடம் 29,000 டொலர், 87 இலட்சம் ரூபாய். மாமாவின் காசு சுமார் 7,200 அமெரிக்க டொலர். வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம், மணிக்கு 12 டொலர் கிடைத்தால் வருடம் 8,000. மிச்சம் 13,800 டொலர், அதாவது வருடம் 41 இலட்சம் துண்டு விழுகிறது. வயல் விற்ற 75 இலட்சம் இரண்டாம் வருடம் முடியும் முன்னரே தீர்ந்துவிடும். மூன்றாம், நான்காம் வருடத்துக்கு என்ன விற்பது?

இதுவும் டொலர் 300இல் நின்றால்தான். 2022இல் 200இல் இருந்த டொலர் சில வாரங்களில் 360 ஆனது நினைவிருக்கும். இன்னொரு முறை 360 ஆனால் துண்டு வருடத்துக்கு மேலும் 8 இலட்சம் கூடும். ரூபாயில் வரும் காசை வைத்து டொலரில் கட்டும் எந்தத் திட்டத்திலும் இந்த ஆபத்தைத் தூக்குபவர் நீங்கள்தான், பல்கலைக்கழகம் அல்ல.

வயலைப் பற்றி அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா? இரணைமடுக் குளத்துத் தண்ணி பாயும் குடியேற்றத் திட்டக் காணிகளில் பல 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டவை. அதை நினைத்தபடி விற்க முடியாது. வெறும் எழுத்துக்குக் காசு கொடுத்து வாங்க ஒருவர் முன்வந்தால், விலை குறைத்துக் கேட்கிறார் என்று பொருள், நாளைக்குப் பிரதேச செயலகத்தில் தகராறும் உண்டு. இன்னொன்று, விசா நேர்காணலில் முதல் வருடக் காசு கையில் இருப்பதைக் காட்ட வேண்டும். அதற்காக வயலை முதலில் விற்று, பிறகு விசா மறுத்தால், விற்ற வயல் திரும்பாது. காலபோகமும் சிறுபோகமும் விளைகிற 3 ஏக்கர் தம்பியின் படிப்புக்கும் பங்குள்ள சொத்து. ஒருவரின் முதல் பட்டத்துக்காக அதை முழுதாக வைப்பதற்கு நான் சம்மதம் சொல்ல மாட்டேன்.

என் முடிவு: இப்போது போக வேண்டாம், யாழ்ப்பாணத்து இடம் வந்தால் எடுங்கள். அது வராமல் வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கு வந்தாலும் தயங்க வேண்டாம், பம்பைமடுவில் வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது. இலவசக் கல்வி, தகுதி இருந்தால் மகாபொல உதவித்தொகையும் உண்டு. பட்டப்படிப்போடு ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். தணிக்கைப் பக்கம் விருப்பம் என்றால் பட்டயக் கணக்காளர் தேர்வு. நீங்கள் கேட்ட ஆய்வு வேலைதான் வேண்டும் என்றால் முதலீட்டு ஆய்வாளருக்கான சர்வதேசத் தேர்வான சி.எஃப்.ஏ. அதன் முதல் படியைப் பட்டம் முடிய 23 மாதம் இருக்கும்போதே எழுத அனுமதிக்கிறார்கள். ஒரு தேர்வுக்கு ஆயிரம் டொலருக்கு மேல் செலவாகும். மாமா ஒரு வருடத்துக்குத் தருவதாகச் சொன்ன காசிலேயே மூன்று படியையும் எழுதி முடித்து மிச்சமும் வரும்.

முதலீட்டு வங்கி வேலைக்கு யூட்டாவுக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. வெளிநாட்டு வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் பங்கு ஆய்வு செய்து கொடுக்கும் அக்யூட்டி போன்ற நிறுவனங்கள் கொழும்பில் ஆள் எடுக்கின்றன. அங்கே இரண்டு மூன்று வருடம் உழைத்துவிட்டு, அமெரிக்காவுக்கு முதுநிலைப் படிப்புக்குப் போனால் செலவு இரண்டு வருடத்துக்கு மேல் இராது, கையில் அனுபவமும் இருக்கும், உதவித்தொகை கேட்கவும் வாய் இருக்கும். அப்போது பிரிகம் யங் பிடித்தால் அங்கேயே போங்கள், பிளேன்ரீயை மட்டும் யோசித்துக்கொண்டு.

மாமாவிடம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வியை எழுதிக் கேளுங்கள்: "நான் இங்கேயே படித்தால் அந்த 10,000இல் பாதியையாவது வருடாவருடம் அனுப்புவீர்களா?" பல மாமாமார் "அமெரிக்கா" என்றால் தருவார்கள், "யாழ்ப்பாணக் கம்பஸ்" என்றால் கை சுருங்கும். ஓம் என்று பதில் வந்தால், வரும் காசை உங்கள் பெயரில் வெளிநாட்டு நாணயக் கணக்கில் டொலராகவே வைக்கலாமா என்று கிளிநொச்சியில் உங்கள் வங்கியில் விசாரியுங்கள். இல்லை என்று வந்தால் அதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள், வயலின் பத்திரப் பிரதியையும் சேர்த்து. பெயரை மறைத்து அனுப்பினால் போதும்.