ஹெலிகாப்டருக்கு றெக்கை வச்சா என்ன ஆகும்? கேளுங்க, சொல்லுதேன்

22 வருசம் ஹெலிகாப்டர் மெக்கானிக்கா இருந்துட்டு இப்ப பாளையங்கோட்டைல இருக்கேன். கேட்டதுக்கு ஒண்ணொண்ணா சொல்லுதேன்.

வள்ளியூர் தம்பி: அண்ணாச்சி, ரெண்டு பக்கமும் றெக்கை வச்சா ஸ்பீடு கூடிரும்லா?

வெறும் றெக்கை பத்தாது தம்பி. ஸ்பீடு எங்க முட்டுதுன்னு பாருங்க. பிளேடு நுனி செகண்டுக்கு 220 மீட்டர்ல சுத்துதுன்னு வச்சுக்கிடுங்க. மணிக்கு 400 கிலோமீட்டர்னா செகண்டுக்கு 111 மீட்டர், அப்ப முன்னால வார பிளேடு நுனி காத்த 331-ல வெட்டுது, கிட்டத்தட்ட சத்தத்தோட வேகம், பின்னால போற பிளேடுக்கு 109 தான் மிச்சம். அந்தப் பக்கம் லிஃப்ட், அதாவது மேல தூக்குத பலம், பத்தலன்னு பிளேடை நிமித்திக்கிட்டே போனா கடைசில காத்து பிளேடை ஒட்டிப் போகாம பிரிஞ்சு (ஸ்டால்னு சொல்லுவாவ) மெசினே உதறும். றெக்கை கொஞ்சம் வெயிட்ட வாங்கிக்கிட்டா ரோட்டருக்கு, அதான் மேல சுத்துத பிளேடு செட்டுக்கு, ஆசுவாசம்தான், ஆனா முன்னால இழுக்கதும் அதே ரோட்டர்தானே? வேகம் கூடக்கூட அது முன்னால சாயும், மூக்கு தாழும், கூடவே றெக்கையும் தாழ்ந்து லிஃப்ட் போயிரும். அதனாலதான் தள்ளுததுக்கு தனியா புரொப்பல்லர் வேணுங்காவ. ரஷ்யாக்காரன் மி-24 ராணுவ ஹெலிகாப்டர்ல புரொப்பல்லர் கிடையாது, றெக்கைய நல்லா தூக்கி வச்சு வேகத்துல சுமார் நாலுல ஒரு பங்கு லிஃப்ட் வாங்குதாவ.

ஒரு அக்கா: 2023 டிசம்பர் வெள்ளத்துல ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஹெலிகாப்டர்ல சாப்பாடு போட்டாவளே, அதுக்கு றெக்கை இருந்தா நல்லதா?

இல்லக்கா, அந்த வேலைக்கு றெக்கை பாரம். வீட்டுல சீலிங் ஃபேனுக்கு அடியில பெஞ்சு மேல நின்னு சொளவ படுக்க புடிச்சு பாருங்க, கைய கீழ அமுக்கும். செங்குத்தா திருப்புங்க, ஒண்ணும் தெரியாது. அந்தரத்துல நிக்கையில ரோட்டர் காத்து றெக்கை மேல அப்படித்தான் விழும். றெக்கை நுனில ரோட்டர் வச்ச வி-22 ஆஸ்ப்ரேல, றெக்கையோட பின்பக்கப் பலகைய (ஃப்ளாப்) கீழ மடக்கி விட்டும், ரோட்டர் தூக்குத பலத்துல பத்துல ஒரு பங்கு அதுலயே போயிருது. அந்த வெயிட்டுக்கு எத்தன சாப்பாட்டு மூட்டை ஏத்தலாம்!

கூடங்குளம்: என்ஜின் நின்னா றெக்கை கிளைட் பண்ணி காப்பாத்தும்லா?

இதோட மூணாவது ஆளு கேக்குதீய. காப்பாத்தாது. என்ஜின் நின்னா கீழ இருந்து வார காத்துதான் ரோட்டர சுத்த வைக்கணும். வெயிட்ட றெக்கை புடிச்சுக்கிட்டா ரோட்டர் வழியா போற காத்து குறைஞ்சு அது சுத்துத வேகம் (ஆர்பிஎம்) விழுந்துரும், அந்தக் குட்டி றெக்கை தனியா முழு வெயிட்டயும் தாங்கவும் செய்யாது. ஸ்டிக்குக்கு கட்டுப்படுததும் ரோட்டர்தான். பாரமில்லாத ரோட்டர் சொன்னபடி கேக்காது, அதுலயும் சீசா பலகை மாதிரி ஆடுத ரெண்டு பிளேடு ரோட்டர்னா ரொம்ப ஆபத்து.

அம்பாசமுத்திரம் வாத்தியார்: சிகோர்ஸ்கி கம்பெனியோட எக்ஸ்2 சோதனை ஹெலிகாப்டருக்கு றெக்கையே இல்ல, 2010-ல மணிக்கு 463 கிலோமீட்டர் போச்சு. அப்ப றெக்கை வீண்தானே?

வீண் இல்ல சார். எக்ஸ்2-ல ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு விறைப்பான ரோட்டர், எதிரெதிரா சுத்தும். ரெண்டு பக்கமும் முன்னால வார பிளேடே தூக்கிருது, பின்னால போறத நம்ப வேண்டாம். அதுக்கு விலை, பிளேடுகள மாட்டுத நடு ஹப்பு கனமாகுததும் அதிர்வும்.

வாத்தியார் திரும்பவும்: யூரோகாப்டர் எக்ஸ்3-ம் றெக்கை வச்சு 2013-ல 472 தானே? வெறும் 9 தான் கூட.

அந்த 9-அ வச்சு ரெண்டு பேருக்கும் தீர்ப்பு சொல்லாதீய சார், எக்ஸ்3 ஒத்த ரோட்டர்ல போன வேகம் அது. றெக்கை நுனில இருக்க ரெண்டு புரொப்பல்லரும் தள்ளுத அளவு வேற வேற, அதனால பாடி எதிர்ப்பக்கமா சுத்தாம தடுக்குத வால் ரோட்டரே வேண்டாம்னு ஆச்சு. எனக்கு பயம் வேகத்துல இல்ல, ஆட்டத்துல. அமெரிக்காவோட லாக்ஹீட் செயென் ஹெலிகாப்டர், றெக்கையும் பின்னால தள்ளுத புரொப்பல்லரும் வச்ச மெசின்தான். 1969-ல ரோட்டர் ஆட்டம் மிஞ்சி பிளேடு பாடியவே வெட்டி பைலட் செத்துப்போனாரு. வேகத்த மட்டும் பேசுதவிய இத மறந்துருதாவ.

பணகுடி: ராக்கெட் என்ஜின் வச்சா?

மகேந்திரகிரி இஸ்ரோல வேலை பாக்கவியகிட்ட கேளுங்க, என் ஏரியா இல்ல.

மேலப்பாளையம்: ரிமோட்ல ஓட்டுத ஆர்சி ஹெலிகாப்டருக்கு தெர்மோகோல் றெக்கை ஒட்டலாமா?

தம்பி, ஒட்டாத. பிளேடு ஒண்ணு தெறிச்சா முகத்த கிழிச்சிரும், ஆடிக் காத்துல தெர்மோகோல் ஒரு பக்கமா தூக்கி கவுத்திரும். ஒட்டியாச்சுன்னா இன்னைக்கே பிச்சு எடுத்துட்டு, பேட்டரிய கழட்டி தனியா வச்சுட்டு சொல்லு.