‘எசோட்டெரிக்’ என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே பயன்படுத்தலாம்?

‘எசோட்டெரிக்’ என்பதைக் கடினமானது என்ற பொருளில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதக் கூடாது என்பதே என் பதில். ‘உள்ளே’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்து, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், ஆசிரியர் தம் நெருங்கிய மாணவர்களுக்கு மட்டும் சொல்லித்தந்த போதனையைக் குறித்தது; அந்த உள்வட்டத்தின் சாயல் இன்றும் அதை விட்டு நீங்கவில்லை. ஆகவே, ஒரு துறையில் ஊறிய சிலருக்கு மட்டுமே விளங்கும் அறிவு, கலைச்சொல், விவாதம் போன்றவற்றுக்கே அது பொருந்தும்.

‘தி லெக்சர் வாஸ் டூ எசோட்டெரிக் ஃபார் பிகினர்ஸ்’ (தொடக்கநிலையினருக்கு அந்த உரை எட்டாததாக இருந்தது) என்பது சரியான வாக்கியம். உரை கேட்டவர்களுக்கு அத்துறையின் முன்னறிவு இல்லை என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. மாறாக, நீண்ட கூட்டல் கணக்கு எவ்வளவு சிரமம் தந்தாலும் அதன் வழிமுறை எல்லோரும் அறிந்ததே என்பதால், அதற்கு ‘டிஃபிகல்ட்’ போதும். பழைய கையெழுத்துப் படிகளில் வரும் சுருக்கக் குறிகளைப் பற்றிய வாதத்தையோ தாராளமாக ‘எசோட்டெரிக்’ எனலாம்.

இதற்கு நெருக்கமான சொற்களில், ‘அப்ஸ்க்யூர்’ என்பது பலரும் அறியாதது அல்லது தெளிவற்றது என்ற அளவில் நின்றுவிடும். ‘ஆர்கேன்’ என்பதில் மறைபொருளின் வாடை சற்றுக் கூடுதல். அயல்நாட்டுக் கவர்ச்சி கொண்டதைக் குறிக்கும் ‘எக்ஸாட்டிக்’ என்பதற்கும் ‘எசோட்டெரிக்’ என்பதற்கும் பொருளில் தொடர்பே இல்லை. ஒலி ஒப்புமையால் பலர் இடறுவது இங்கேதான். ஒரு மனிதரையே ‘எசோட்டெரிக்’ என்பதைவிட, அவருடைய ஈடுபாடுகளை அவ்வாறு சொல்வதே இயல்பாக ஒலிக்கும்.