வாசகர் கேள்விகள்: கார்பனில் ஒட்டாத பிளாட்டினம்

கேள்வி: மெத்தனால் ஆக்சிஜனேற்றத்துக்காக எத்திலீன் கிளைக்காலில் 20 சதவீத பிளாட்டினம்-கார்பன் வினையூக்கி தயாரித்தேன். வடிகட்டும்போது வடிநீர் பழுப்பாக இறங்கியது. எங்கே பிசகு? (எம்.எஸ்சி. வேதியியல் மாணவி)

பதில்: அந்தப் பழுப்பு உங்கள் பிளாட்டினம்தான். துகள்கள் நன்றாகவே உருவாகியிருக்கின்றன, கார்பனில் ஏறவில்லை. காரத்தில் துகள்களைச் சுற்றிக் கிளைக்கோலேட் அயனிகள் ஒட்டி எதிர்மின்னேற்றம் தருகின்றன. கார்பன் பரப்பும் அப்போது எதிர்மின்னேற்றத்தோடு இருப்பதால் இரண்டும் விலகி நிற்கும். கலவை அறை வெப்பநிலைக்கு ஆறியதும் நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 2-3க்குக் கொண்டுவந்து, இரவு முழுக்கக் கலக்குங்கள். சிறிது நேரம் கலக்கலை நிறுத்திப் பார்த்தால், மேலே நிற்கும் திரவம் நிறமற்றிருக்க வேண்டும். அதற்குப் பிறகே வடிகட்ட வேண்டும்.

அளவுகளையும் சரிபாருங்கள். 100 மி.கி. வினையூக்கிக்கு 80 மி.கி. வல்கன் எக்ஸ்சி-72 கார்பன், 20 மி.கி. பிளாட்டினம். ஆறு நீர் மூலக்கூறுகள் கொண்ட ஹெக்சாகுளோரோபிளாட்டினிக் அமிலமாகக் கணக்கிட்டால் அது 53 மி.கி. ஆனால் இந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தராசிலேயே கசியும். ஒவ்வொரு முறையும் எடை போடாமல், 1 கிராம் புட்டியை முழுதாக நீரில் கரைத்து 50 மி.லி. ஆக்கி இருட்டில் வையுங்கள். அதில் 2.65 மி.லி. எடுத்தால் போதும். கார்பனை 50 மி.லி. எத்திலீன் கிளைக்காலில் அரை மணி நேரம் அல்ட்ராசோனிக் குளியலில் வைத்துப் பரப்பிய பின் இதைச் சேர்க்கலாம்.

காரத்தைக் குறைத்துவிடுவதுதான் பலருக்கும் நேரும் பிழை. ஒரு பிளாட்டினம் அயனி உலோகமாகும்போது ஆறு ஹைட்ரோகுளோரிக் அமில மூலக்கூறுகளும், கிளைக்காலிலிருந்து ஒரு கிளைக்காலிக் அமிலமும் வெளிவரும். ஆக, ஒரு மோல் பிளாட்டினம் குறைந்தது 7 மோல் சோடியம் ஹைட்ராக்சைடைத் தின்றுவிடும். தொடக்கத்தில் பிஎச் 11 காட்டினாலும் பாதி வழியில் கலவை அமிலமாகி, துகள்கள் பெருத்துத் திரளும். பிளாட்டினத்தின் மோலைப் போல 12 மடங்கு காரம் வைத்துக்கொள்ளுங்கள்: மேற்சொன்ன அளவுக்கு, கிளைக்காலில் கரைத்த 1 மோலார் காரம் 1.25 மி.லி. தேவை. கிளைக்காலில் பிஎச் தாள் காட்டும் எண்ணை நம்பாமல் மோல் கணக்கையே நம்புங்கள். நைட்ரஜன் ஓட்டத்தில் 130 டிகிரி செல்சியஸில் 3 மணி நேரம் வைக்க வேண்டும்.

கழுவுவதற்குச் சுடுநீர். வடிநீரில் சில்வர் நைட்ரேட் விட்டால் வெள்ளைக் கலங்கல் வராத வரை கழுவ வேண்டும். எஞ்சிய குளோரைடு பிளாட்டினத்தின் மேல் உட்கார்ந்து மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். 70 டிகிரியில் வெற்றிட உலர்த்தல். எக்ஸ் கதிர்ப் படத்தில் தாமிர மூலத்துக்கு 67.5 டிகிரியில் வரும் சிகரத்தைப் பாருங்கள். அங்கே கார்பனின் குறுக்கீடு இல்லை. அதன் அரை உயர அகலம் சுமார் 3 டிகிரி இருந்தால் துகள் 3 நானோமீட்டர். பிளாட்டினம் 20 சதவீதம் ஏறியதா என்பதை டிஜிஏ (சூடேற்றும்போது எடை மாறுவதை அளக்கும்) கருவியில் காற்றில் எரித்துப் பார்க்காமல் எழுதக் கூடாது.

கேள்வி: மின்முனையில் எவ்வளவு பூச வேண்டும்?

பதில்: 10 மி.கி. வினையூக்கி, 3.8 மி.லி. நீர், 1.2 மி.லி. ஐசோபுரொப்பனால், 5 சதவீத நஃபியான் (வினையூக்கியை மின்முனையில் பிணைக்கும் பாலிமர்) கரைசல் 20 மைக்ரோ லிட்டர். முதலில் நீர், பிறகே ஆல்கஹால்: உலர்ந்த பிளாட்டினம்-கார்பன் மேல் நேராக ஆல்கஹாலை விட்டால் தீப்பிடிக்கும். பனிக்கட்டிக் குளியலில் வைத்தே அல்ட்ராசோனிக் கொடுங்கள். 5 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் கார்பன் மின்முனையில் 10 மைக்ரோ லிட்டர் விட்டால் சதுர செ.மீ.க்கு சுமார் 20 மைக்ரோ கிராம் பிளாட்டினம். விளிம்பில் காப்பிக் கறை போல வளையம் படிந்தால் துடைத்துவிட்டு மறுபடி பூசுங்கள்.

பிளாட்டினத்தின் வினைபுரியும் பரப்பளவை நைட்ரஜன் நிறைந்த 0.5 மோலார் கந்தக அமிலத்தில், ஹைட்ரஜன் ஒட்டி விலகும் பகுதியின் மின்னேற்றத்தை வைத்து, சதுர செ.மீ.க்கு 210 மைக்ரோ கூலும் என்று கணக்கிடலாம். 3 நானோமீட்டர் உருண்டைக்கு வடிவக் கணக்கே கிராமுக்கு 93 சதுர மீட்டர்தான் தரும். உங்கள் கணக்கு 150 காட்டினால் அடிக்கோட்டைத் தவறாகப் போட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: மெத்தனாலில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும்போது, ஏறும்போது வரும் முன்னோக்கிய மின்னோட்டச் சிகரத்தை இறங்கும்போது வரும் பின்னோக்கிய சிகரத்தால் வகுத்தால் கார்பன் மோனாக்சைடைத் தாங்கும் திறன் தெரியும் என்கிறார்களே? (ஆய்வு மாணவர்)

பதில்: அந்த விகிதத்தை விட்டுவிடுங்கள். பின்னோக்கிய சிகரம் எஞ்சிய கார்பன் மோனாக்சைடு எரிவதால் வருவதன்று. ஆக்சைடு நீங்கிய பரப்பில் புதிய மெத்தனால் ஆக்சிஜனேற்றம் அடைவதால் வருவது. மேல் எல்லை மின்னழுத்தத்தை மாற்றினாலே விகிதம் மாறிவிடும். நச்சேறுவதைப் பார்க்க, மீள்தகு ஹைட்ரஜன் மின்முனைக்கு எதிராக 0.6 வோல்ட்டில் ஒரு மணி நேரம் நிறுத்தி மின்னோட்டம் எப்படித் தேய்கிறது என்று அளவிடுங்கள்.

கேள்வி: ருத்தீனியம் சேர்த்தால் இதே கணக்குகள் பொருந்துமா?

பதில்: பரப்பளவுக் கணக்கு பொருந்தாது. ஹைட்ரஜன் பகுதியில் ருத்தீனியத்தின் மின்னோட்டமும் கலந்துவிடும். கார்பன் மோனாக்சைடைப் பரப்பில் ஏற்றி, அதை ஆக்சிஜனேற்றி உரிக்கும் மின்னேற்றத்தை அளந்து, சதுர செ.மீ.க்கு 420 மைக்ரோ கூலும் என்று எடுங்கள். மேல் எல்லையை 0.8 வோல்ட்டுக்குள் வையுங்கள், அதைத் தாண்டினால் ருத்தீனியம் கரையத் தொடங்கும்.