பி.எஃப். பென்ஷன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 2007 செப்டம்பரில் இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். 2026 ஆகஸ்டில் 58 வயது முடிகிறது. பேசிக், டி.ஏ. சேர்த்து 40,000 ரூபாய். 15,000ஐ 19ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் 4,071 வருகிறது. ஆபீசில் 3,221 என்கிறார்கள். எது சரி?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: ஆபீஸ் கணக்குதான் சரி. சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பதுதான் பென்ஷன் கணக்கு. ஆனால் முழுச் சம்பளத்தையும் எடுக்க மாட்டார்கள், அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 15,000 ரூபாய் உச்சவரம்பு 2014 செப்டம்பரில்தான் வந்தது. அதற்கு முன் 6,500. உங்கள் பணிக்காலத்தை அந்தத் தேதியில் இரண்டாகப் பிரிப்பார்கள். முதல் 7 ஆண்டுக்கு 6,500 × 7 ÷ 70 = 650. அடுத்த 12 ஆண்டுக்கு 15,000 × 12 ÷ 70 = 2,571. ஆக 3,221. சம்பளம் 40,000 ஆனாலும் பென்ஷன் நிதிக்குப் போவது மாதம் 1,250தான். 2014க்கு முன் அது 541. மீதியெல்லாம் உங்கள் பி.எஃப். கணக்கில் சேர்ந்திருக்கும்.

இதற்கு முன் வேறு எங்காவது வேலை பார்த்தீர்களா? அந்தப் பென்ஷன் பணத்தை 10-சி படிவம் கொடுத்து எடுத்துவிட்டால் அந்தப் பணிக்காலம் போனதுதான். எடுக்காமல் இருந்தால் உடனே பழைய கணக்கை இப்போதைய யு.ஏ.என்.னுக்கு (உங்கள் பி.எஃப். அடையாள எண்) மாற்றுங்கள். உதாரணமாக, 2004 முதல் 2007 வரை 3 ஆண்டு சேர்ந்தால் மொத்தம் 22 ஆண்டு. பென்ஷன் 3,500 ஆகும். 20 ஆண்டைத் தொட்டவருக்கு 2 ஆண்டு போனஸாகவும் கூட்டுவார்கள், அது தனி.

மாற்றிய பிறகு பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் பூஜ்ஜியம் தெரியும். பதற வேண்டாம். பென்ஷன் நிதி பொதுத்தொகுப்பு. பணம் உங்கள் பெயரில் நகராது, பணிக்காலம் மட்டுமே நகரும். அது ஏறியிருக்கிறதா என்று, கணக்கு மாறியதற்கு பி.எஃப். அலுவலகம் தரும் விவரத்தாளான அனெக்சர்-கேயில் பாருங்கள். பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தாலோ, இரு வேலைகளின் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலோ இழுத்தடிக்கும். பென்ஷன் கேட்டு 10-டி படிவம் கொடுப்பதற்குச் சில மாதம் முன்பே இதைச் சரிசெய்துவிடுங்கள்.

கேள்வி: குறைந்தபட்ச பென்ஷனை 7,500 ஆக்கச் சொல்லி எவ்வளவோ போராடியும் ஏன் நடக்கவில்லை?
- வாசகர், திருப்பூர்

பதில்: பணம் யார் தருவது என்பதில் முட்டி நிற்கிறது. தொழிலாளியின் பங்கு முழுக்க பி.எஃப்.புக்கே போகிறது, பென்ஷன் நிதிக்கு நிர்வாகம் 8.33 விழுக்காடும் மத்திய அரசு 1.16 விழுக்காடும் தருகின்றன. 15,000 ரூபாய் சம்பளத்துக்கு அரசின் பங்கு 174 ரூபாய். 2013இல் கோஷ்யாரி தலைமையிலான மாநிலங்களவைக் குழு 3,000 தரச் சொன்னது. 2014 செப்டம்பரில் வந்தது 1,000. அதற்கான பற்றாக்குறையையே பட்ஜெட்டிலிருந்துதான் நிரப்புகிறார்கள். 7,500 என்றால் அந்தச் சுமை பல மடங்காகும். நிதியமைச்சகம் தயங்குவது அதனால்தான்.

உச்சவரம்பை 25,000 ஆக்கலாமே என்பது வேலையில் இருப்பவர்களின் கோரிக்கை. அப்போது அரசின் பங்கு 290 ஆகும். 15,000க்கு மட்டும் பி.எஃப். கட்டும் கம்பெனி 1,800க்குப் பதில் 3,000 கட்டவேண்டும். எதிர்ப்பு அங்கிருந்தும் வருகிறது. முழுச் சம்பளத்துக்கும் கட்டும் கம்பெனிக்குக் கூடுதல் செலவில்லை, ஆனால் அது கட்டும் பணத்தில் பென்ஷன் நிதிக்குக் கூடுதலாகப் போவதால் தொழிலாளியின் பி.எஃப். தொகை குறையும். ஏற்கெனவே ஓய்வு பெற்றவருக்கோ இதில் ஒரு பைசா லாபமில்லை. இப்படி ஆளுக்கொரு கோரிக்கையாகப் பிரிந்து நிற்பது அரசுக்கு வசதியாகிவிட்டது.

எங்களைக் கேட்டால், முதலில் வரவேண்டியது பஞ்சப்படி. இன்று 3,221 வாங்குபவர் பத்து ஆண்டு கழித்தும் அதே 3,221தான் வாங்குவார். அரசு ஊழியருக்கு 2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில்கூட அகவிலை நிவாரணம் உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் விலைவாசி ஏறாதா?

கேள்வி: வயது 55. வேலை போய்விட்டது. இப்போதே பென்ஷன் வாங்கலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: 10 ஆண்டு பணிக்காலம் இருந்தால் 50 வயதிலிருந்தே வாங்கலாம். ஆனால் 58க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு வெட்டு. 58 ஆனதும் அது திரும்ப ஏறாது, குறைந்தது குறைந்ததுதான். வேறு வழியிருந்தால் பொறுங்கள்.