காஷ்மியர் ஆட்டில் உள்மயிர் எடையை மட்டும் பார்த்துக் கடா எடுத்தால் குட்டிகளின் இழை தடிக்குமா?

தடிக்கும். உள்மயிரின் (முரட்டு வெளிமயிருக்கு அடியில் வளரும் மென்மயிர், காஷ்மியர் என்பது இதுதான்) எடைக்கும் இழைத் தடிமனுக்கும் மரபு வழியிலேயே தொடர்பு இருக்கிறது, ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடவே ஏறும். நீங்கள் எடையை மட்டும் பார்த்துக் கடாவைத் தேர்ந்ததால்தான் குட்டிகளின் காஷ்மியர் 16 மைக்ரானிலிருந்து (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) 18க்குப் போயிருக்க வேண்டும். காஷ்மியர் என்று விற்க வழக்கமான மேல்வரம்பே சராசரி 19 மைக்ரான்தான், இன்னும் ஒரு தலைமுறை இப்படியே போனால் சிக்கல்.

ஆனால் கடாவைக் கழிப்பதற்கு முன் ஒன்று பாருங்கள். 16 வந்தது முதல் கத்தரிப்பிலும் 18 வந்தது இரண்டாவதிலும் என்றால் அந்த ஒப்பீடே தப்பு, வயது ஏற ஏற இழை தானாகவே தடிக்கும். ஒரே வயதுக் குட்டிகளாக, வேறு கடாவின் குட்டிகளையும் சேர்த்து, விலாவின் நடுப்பகுதியில் மயிர் எடுத்து, முரட்டு வெளிமயிரைப் பிரித்துவிட்டு உள்மயிரை மட்டும் அளக்கக் கொடுங்கள். அப்புறம் இழை நீளத்தையும் குறித்து வையுங்கள்; தடிமன் ஏறாமல் நீளத்தால் எடை கூடிய ஆடுதான் உங்களுக்கு வேண்டியது, என்னைக் கேட்டால் எடையைவிட அதையே முதலில் பார்ப்பேன்.

தீவனமும் தடிமனை மாற்றும். நீங்கள் ஒப்பிடும் இரண்டு கூட்டக் குட்டிகளும் ஒரே மேய்ச்சலில் இல்லையென்றால் பழியைக் கடா மேல் போடாதீர்கள்.